அக்கி எழுதிய கை

இடது மணிக்கட்டில், வாட்ச் கட்டுகிற இடத்தில்தான் முதலில் அரித்தது. கொசு கடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தச்சநல்லூரில் கொசுவுக்கா பஞ்சம். மறுநாள் முழங்கை மடிப்பில் வந்தது. அடுத்த வாரம் கழுத்து, இடுப்பில் பாவாடை நாடா இறுகுகிற இடம், பிறகு கணுக்கால். சிவப்பாகத் தடித்து, ஓரத்தில் பொரிப்பொரியாக இருக்கும். சொறிந்தால் அரை நிமிடம் ஒரு சுகம். அதற்குப் பிறகு எரியும். எரிச்சல் அடங்கினால் மறுபடி அரிக்கும். விரல் போதாமல் சீப்பால் சொறிந்தேன். முதுகுக்குத் தையல் ஸ்கேல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் நிலைக்கதவின் ஓரத்தில் மாடு மாதிரி முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். துணி கொடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள். அவள் அதற்கப்புறம் என்னிடம் துணி கொடுக்க வரவில்லை.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். தோளுக்கும் கழுத்துக்கும் டேப் பிடித்து அளவெடுக்க வேண்டும், ஆளைத் தொடாமல் முடியாது. என் கையைப் பார்த்ததும் சில பேர், "அளவு ஜாக்கெட்டு கொண்டாந்திருக்கேன்க்கா, அதப் பாத்தே தச்சிருங்க" என்று பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். என்ன செய்ய? கோபப்பட்டால் அந்தப் பையும் வராது.

அரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆளாளுக்குச் சொன்ன வைத்தியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கத்தரிக்காயை விடு என்றார்கள், விட்டேன். கருவாட்டை விடச் சொன்னார்கள், அதையும் விட்டேன். நிலக்கடலை போயிற்று. வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டு வீடெல்லாம் கசப்பு வாடையோடு திரிந்தேன். எதிர்வீட்டுக்காரி வந்து, குறுக்குத்துறையில் போய் ஆற்றில் முங்கிக் குளித்தால் எல்லாம் போய்விடும் என்றாள். ஒரு வாரம் விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய்க் குளித்தேன். எட்டாவது நாள் அதே எதிர்வீட்டுக்காரி, "ஆத்துலயா போயி குளிச்சிய? சாக்கடையெல்லாம் அங்கனதான கலக்கு. அதுலதான் கூடியிருக்கும்" என்கிறாள். அப்போது என் கையில் அரிவாள்மனை இல்லாதது அவளுக்கு நல்ல காலம்.

வண்ணார்பேட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார். சோப்பு மாற்றினீர்களா, புதிதாக ஏதாவது சாப்பிட்டீர்களா, கவலை ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கவலை இல்லாத ஆளை இந்த ஊரில் அவர் எங்கே பார்த்தாரோ. ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. துணித் தூசியாக இருக்கலாம், கொஞ்ச நாள் தைக்காமல் இருந்து பாருங்கள் என்றார். நாற்பது நாள் மெஷினைப் போர்வை போட்டு மூடி வைத்தேன். மெஷின்தான் ஓய்வெடுத்தது, அரிப்பு எடுக்கவில்லை.

"எதனாலன்னு காரணம் சொல்ல முடியலம்மா. சில பேருக்கு இப்படித்தான். வரும், போகும்."

"எப்ப போகும் டாக்டர்?"

"அதச் சொல்ல முடியாது."

அதைச் சொல்வதற்கா இத்தனை வருடம் படித்தீர் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். மாத்திரை போட்டால் அரிப்பு குறைந்து தூக்கம் வரும், நிறுத்தினால் மூன்றாம் நாள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அந்த மனிதர் உருப்படியாக ஒன்று சொன்னார். "இது ஒட்டாதும்மா. தொட்டாப் பரவாது. குழந்தைங்களத் தாராளமாத் தூக்கலாம்." நான் கேட்டுத்தான் சொன்னார். நாங்குநேரியில் கட்டிக்கொடுத்திருந்த என் ஒரே மகள் அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எனக்கு அது கிடைக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். மாமியார் வீட்டிலேயே பெற்றேன். பதினோராம் நாள் இடுப்பு ஒடிய உட்கார்ந்து துணி துவைத்தேன். வெந்நீர் ஊற்ற ஒரு ஆள் கிடையாது, ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடு என்று சொல்ல நாதி கிடையாது. அப்போதே நினைத்துக்கொண்டேன், என் வயிற்றில் பிறந்ததற்கு இந்தக் கதி வரக்கூடாது என்று. அவள் இங்கே வர வேண்டும், மூன்று மாதம் அவளைக் கட்டிலை விட்டு இறங்கவிடக் கூடாது, பிள்ளையை என் மடியில் போட்டுத்தான் குளிப்பாட்ட வேண்டும். இருபத்தைந்து வருடமாக நான் கேட்டது இவ்வளவுதான்.

அதற்காகத் துணி தயார் செய்தேன். பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, உறுத்தும். என் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகள், மெல்லிசாகப் பச்சைக் கரை போட்டவை, துவைத்துத் துவைத்து நைந்து பஞ்சாகியிருந்தன. அவற்றைக் கொதிக்க வைத்து, வெயிலில் காயப் போட்டு, சதுரம் சதுரமாக வெட்டினேன். ஓரம் மடித்துத் தைக்கவில்லை, தையல் பிள்ளைக்குக் குத்தும். வாழ்நாளில் நான் வெட்டித் தைக்காமல் விட்ட துணி அதுதான். நாற்பது துண்டு. மடித்து ஒரு மூட்டையாகக் கட்டி அலமாரியில் வைத்தேன்.

வளைகாப்புக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் விசில் அடித்து முடித்துவிடலாம் என்கிற எண்ணம் உள்ளவர். "ஏளா, மக வாரதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டணும். இது அக்கியா இருக்கும். எழுதிப் பாப்போம்."

அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்துப் புண் மேல் எழுதிக்கொள்வது வழக்கம். மூன்று நாள் எழுத வேண்டும், அதுவரை தண்ணீர் படக்கூடாது. அக்கி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? கொப்புளம் கொப்புளமாகக் கட்டி நெருப்பாய் எரியும். எனக்கு அப்படி இல்லை. டாக்டரும் அக்கி இல்லை என்றிருந்தார். ஆனால் மனுஷன் விடவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்.

அக்கி எழுதுகிறவர் வயதானவர். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாயி, இது அக்கி மாதிரி தெரியலியே. அக்கின்னா ஒரு பக்கமாத்தான் கட்டும். ஒனக்கு ரெண்டு கையிலயும்லா இருக்கு."

"வந்தது வந்தாச்சு, எழுதும்வே" என்றார் என் வீட்டுக்காரர். "கெடுதல் ஒண்ணும் இல்லல்லா?"

"கெடுதல் ஒண்ணும் இல்ல" என்று அவர் காவியைக் குழைத்தார்.

எல்லாப் பழியையும் என் வீட்டுக்காரர் மேல் போட்டுவிடலாம். போட்டும் இருக்கிறேன். ஆனால் கையை நீட்டியது நான்தான். காவி பட்டதும் ஜில்லென்று இருந்தது. ஒரு வருடத்தில் முதல் முறையாகத் தோல் சும்மா இருந்தது, பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகக் கழுத்தையும் நீட்டினேன்.

மூன்றாம் நாள் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கையும் கழுத்தும் செக்கச்செவேல் என்று காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் மகளும் அவள் மாமியாரும். பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுக்க வந்தவர்கள், வந்த இடத்தில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள்.

"எம்மா, என்னதும்மா இது?" என்றாள் மகள்.

சம்பந்தியம்மா என் கையைப் பார்த்தாள். காவியைப் பார்த்தால் கிராமத்து மனுஷிக்குத் தெரியாதா? என் மகளின் கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் கேட்டாள். "அக்கியா மைனி?"

"அக்கி இல்ல மைனி. டாக்டரே இல்லன்னுதான் சொன்னாரு."

"அக்கி இல்லன்னா எதுக்கு எழுதியிருக்கிய?"

நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்து மறைத்தேன்.

"வயித்துப் பிள்ளைக்காரி மைனி. உள்ள வரக்கூடாது. தப்பா நினைக்காதிய" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமியாருக்குப் பயந்துகொண்டு நிற்கிறாளே பாவி மகள் என்று எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் தெரு முனை திரும்புவதற்குள் கொல்லைக்கு ஓடி, தேங்காய் நாரைப் போட்டுக் காவியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். காவி போயிற்று. ரத்தம் வந்தது. பிறகு பத்து நாள் அந்த எரிச்சல்.

மறுபடியும் டாக்டரிடம் போனேன். எனக்கு மருந்து வேண்டாம், இது தொற்றுநோய் இல்லை என்று ஒரு சீட்டில் எழுதித் தாருங்கள் என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் கொண்டு போகிற பிள்ளை மாதிரி அதை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு நாங்குநேரிக்கு வளைகாப்புக்குப் போனேன். முழுக்கை ஜாக்கெட் தைத்துப் போட்டிருந்தேன். சித்திரை வெயிலில் முழுக்கை. ஊர்ப் பெண்கள் எல்லாம் வரிசையாக வந்து என் மகள் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். என் முறை வந்தபோது சம்பந்தியம்மா காதோரம் வந்து, "நீங்க சந்தனம் பூசாண்டாம் மைனி. வளையலத் தட்டுல வச்சு நகத்துங்க, போதும்" என்றாள். நகர்த்தினேன். பெற்றவள் வளையல் தட்டை நகர்த்துகிறாள், யாரோ ஒருத்தி எடுத்துப் போடுகிறாள். இதையும் போட்டோ எடுத்தார்கள்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு சீட்டை எடுத்து நீட்டினேன். சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தாள். உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து என் கையில் கொடுத்தாள்.

"இருக்கட்டும் மைனி. பிள்ளை இங்கனயே பெறட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அன்றிலிருந்து அந்தப் பொம்பளையை நான் திட்டாத திட்டு கிடையாது. சோறு வடிக்கும்போது திட்டுவேன், மெஷின் மிதிக்கும்போது திட்டுவேன். அவள் விளங்குவாளா, அவள் குடும்பம் உருப்படுமா, என் பிள்ளையை என்கிட்டேயிருந்து பிரித்தாளே. அவள் கிடைக்காத நேரத்தில் வீட்டுக்காரர் கிடைப்பார். "ஒங்க அக்கியாலதான்" என்று தட்டை வைக்கும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை. மனுஷன் வாயே திறக்க மாட்டார். திறந்தால் தேவலை என்று இருக்கும். திட்டத் திட்ட அரிப்பும் கூடிற்று. கவலை உண்டா என்று கேட்ட டாக்டர் இப்போது வந்து பார்த்திருக்க வேண்டும்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன், துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு. கட்டில் கால்மாட்டில் நின்றேன். குழந்தை என் மாமியார் நிறம், என் மகள் நெற்றி. "கையக் கழுவினியாம்மா?" என்றாள் மகள். கழுவிவிட்டு வந்தேன். "சோப்புப் போட்டா?" மறுபடி போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். "இப்பதாம்மா தூங்குதா. பொறவு தூக்கலாம்" என்றாள். சம்பந்தியம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளுக்குப் பயந்துதான் இப்படிப் பேசுகிறாள் என்று நினைத்து, மூட்டையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.

நாற்பது நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க அத்தை" என்று எழுந்தார். அவர் கையில் இருந்த துணியைப் பார்த்தேன். சதுரத் துண்டு, ஓரம் தைக்காதது, மெல்லிசாகப் பச்சைக் கரை. கிரீஸ் அப்பியிருந்தது.

நேராக அடுக்களைக்குப் போனேன். நாலு மாதமாக உள்ளே வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. "எங்க வீட்டுத் துணின்னா ஒங்களுக்கு வண்டி தொடைக்கவா மைனி? கொதிக்க வச்சுக் கொண்டாந்த துணி மைனி அது. பிள்ளை மேல ஒரு தடவ போட்டிருந்தா என்ன கொள்ளையாப் போயிரும்? நீங்க ஒரு பொம்பளப் பிள்ளையப் பெத்திருந்தாத் தெரியும்."

சம்பந்தியம்மா அடுப்பை அணைத்தாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன், வரவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

"பைய பேசுங்க மைனி, பிள்ளை தூங்குது. ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தச் சீட்டப் படிச்சிட்டு, ஒட்டாதாம், அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா தாயின்னுதான் நான் சொன்னேன். ஒங்க மகதான் மாட்டேன்னுட்டா. எங்கம்மா எந்நேரமும் சொறிஞ்சிக்கிட்டே இருக்கா அத்தை, அந்தக் கையாலதான் பிள்ளையத் தொடுவா, எனக்கு ஒரு மாதிரியா இருக்குன்னா. நீங்க வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும் அத்தைன்னு என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதா. நான் என்ன செய்ய? துணியையும் அவதான் எடுத்துக் கொடுத்தா."

உள்ளறையில் என் மகள் குழந்தையைத் தட்டிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. நான் அங்கே போகவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமா என்று சொல்லிவிடுவாளே என்றுதான் கேட்கவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உடம்பு பூரா சிரங்கு. ஆறு மாதம் அவளை என் வயிற்றோடு ஒட்டிப் படுக்கப் போட்டுத் தடவிக்கொடுத்தேன். எனக்கு ஒரு மாதிரியாக இருக்கவில்லை. மிச்சத் துணி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். சம்பந்தியம்மா மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தத் துணிகளை நான் வீணாக்கவில்லை. முழங்கைக்கும் கழுத்துக்கும் சுற்றிக்கொண்டேன். எந்தத் துணி பட்டாலும் எரிகிற உடம்புக்கு அது ஒன்றுதான் ஒத்துக்கொண்டது. பேத்திக்கு வெட்டிய துணியை ஒன்றரை வருடம் நான் உடுத்தினேன். வீட்டுக்காரரைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டேன். அவருக்கு அது ஒரு குறையாக இருந்திருக்கும் போல, உடம்புக்கு என்ன செய்யுது என்று இரண்டு நாள் கேட்டார். மகள் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சம்பந்தியம்மாவை இன்னும் திட்டுகிறவர் அவர் ஒருவராவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தை மாதம் ஒரு காலையில் எழுந்தேன், அரிக்கவில்லை. சாயங்காலமும் அரிக்கவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம். நான் எதையும் விடவுமில்லை, புதிதாகச் சாப்பிடவுமில்லை. மாத்திரை நிறுத்தி வெகு நாளாகிறது. தடிப்பு உதிர்ந்து, கறுப்பு மங்கி, என் பழைய கை திரும்ப வந்துவிட்டது. அரிப்பு வந்ததற்கு ஒருத்தரும் காரணம் சொல்லவில்லை, போனதற்கு நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. முழுக்கை ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மகள் போன் பண்ணினாள். கொல்லைப்புறம் வெயிலில் உட்கார்ந்து, ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டு மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"எம்மா, எனக்கு மறுபடி நாள் தள்ளிப் போயிருக்கும்மா."

"சந்தோஷம்ட்டி" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அத்தைக்கு மூட்டுவலி. மூத்தவளையும் வச்சுக்கிட்டு இங்கன முடியாதும்மா. இந்தத் தடவ அங்கன வந்துருதேன்." அதற்கப்புறம்தான் கேட்டாள். "ஒனக்கு இப்ப அது எப்படிம்மா இருக்கு?"

மடியில் என் இரண்டு கையும் கிடந்தன. ஒரு பொட்டு இல்லை. இருபத்தைந்து வருடமாக நான் கேட்டதைத்தான் அவள் கேட்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று மாதம் அவள் என் கட்டிலில் கிடப்பாள், பிள்ளை என் மடியில் கிடக்கும்.

"அப்படியேதான்ட்டி இருக்கு" என்றேன்.

இருந்தா என்ன, வந்துருதேன்னு சொல்வாளா என்று பார்த்தேன். பிறகு, "டாக்டர்ட்டப் போவலியா?" என்றாள்.

"போய்க்கிட்டுத்தான் இருக்கேன்."

"சரிம்மா. ஒடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "யாரு, மகளா? வாராளாமா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். அந்தச் சம்பந்தியம்மாதான் விடமாட்டாள் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மிளகாய்க் கூடையை அப்படியே வைத்துவிட்டு இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடம் நாய் மாதிரி கூடவே கிடந்ததுதானே. பொய் சொன்ன அன்றைக்காவது வந்து தொலைத்திருக்கலாம். வரவில்லை. நகத்தால் இரண்டு கீறு கீறிப் பார்த்தேன். சிவந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மறைந்துவிட்டது.